பின்னறைச் சுவரில் ஒட்டிய கண்ணாடி

வீட்டிலிருந்து,
ஞாயிற்றுக்கிழமை மாலை.

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். வீடும் நன்றாக இருக்கிறது என்று எழுதத்தான் ஆசை. ஆனால் நீ எனக்குக் குட்டி வக்கீல் என்று பெயர் வைத்து என்னைக் கெடுத்துவிட்டாய். ஆதாரம் இல்லாமல் எதையும் எழுதக் கை வரமாட்டேன் என்கிறது.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள். ஸ்பீக்கரில் போடு, நானும் கேட்கிறேன் என்கிறாள். நீ இரண்டு வார்த்தை பேசுவதற்குள் சாப்பிட்டாயா, கால் வீங்குகிறதா, அத்தானின் கப்பல் என்றைக்குக் கிளம்புகிறது என்று ஆரம்பித்துவிடுகிறாள். நான் சொல்ல நினைத்தது தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. இனிமேல் முக்கியமானதை எல்லாம் கடிதத்தில்தான் எழுதப் போகிறேன்.

நம் வீட்டுக்குப் பின்னால் கரையோரம் இருந்த பழைய கிடங்குகளை இடித்தது உனக்குத் தெரியும். அங்கே நாற்பது மாடிக் கட்டடம் வரப் போகிறதாம். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் தண்ணீர் தெரியுமாம். அந்தப் படத்தை வேலியில் பெரிதாக ஒட்டியிருக்கிறார்கள். படத்தில் நம் தெருவே இல்லை. நம் வரிசை வீடுகள் இருக்கும் இடத்தில் மரங்கள் வரைந்திருக்கிறார்கள். தையல்கார மாமா அதைப் பார்த்துவிட்டு, பரவாயில்லை, என் கடைக்கு நிழலாவது கிடைக்கும் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாடிப் படியின் கடைசி ஜன்னலில் நின்றால் முழுக் குழியும் தெரியும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அங்கேதான் நிற்கிறேன். அவர்கள் முதலில் குழி தோண்டவில்லை அக்கா. முதலில் சுவர் கட்டினார்கள், அதுவும் பூமிக்குள்ளே. இடத்தைச் சுற்றி ஒடுக்கமான பள்ளம் வெட்டி, பக்கங்கள் சரியாமல் இருக்கக் களிமண் குழம்பை நிரப்பினார்கள். வீட்டை விட உயரமான கம்பிக்கூட்டைக் கிரேனில் தூக்கி அந்தக் குழம்புக்குள் இறக்கினார்கள். பிறகு நீண்ட குழாய் வழியாக அடியிலிருந்து கான்கிரீட்டை விட்டார்கள். கான்கிரீட் ஏற ஏறக் குழம்பு மேலே வழிந்து வெளியே வந்தது. இப்படித் துண்டு துண்டாகச் சுற்றிலும் முடித்தார்கள். நூலகப் புத்தகத்தில் படித்துவிட்டு வந்து பார்த்ததால் எனக்கு எல்லாம் புரிந்தது. ஒரு துண்டும் அடுத்த துண்டும் சேரும் இடத்தில்தான் கவனம் வேண்டும் என்று அந்தப் புத்தகத்தில் போட்டிருக்கிறது. அந்த வரியை மறக்காமல் மனதில் வைத்திருக்கிறேன்.

இப்போது சுவருக்கு உள்ளே இருக்கும் மண்ணை அள்ளுகிறார்கள். ஆழம் போகப் போகத் தண்ணீர் ஊறுகிறது. அதை இறைக்க பம்பு இரவு பகலாக ஓடுகிறது. அதன் பிளிறலைக் கேட்டு, அந்த யானைக்கு இன்னும் தூக்கம் வரலையா என்று அம்மா தினமும் கேட்கிறாள்.

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கம்பெனியிலிருந்து ஒருவர் வீடு வீடாக வந்து போகிறார். கையில் எப்போதும் நீளமான அளவுகோல் இருப்பதால் தெருவில் அவருக்கு மட்டக்கோல் என்று பெயர். நம் பின்னறைச் சுவரில், ஜன்னலுக்குக் கீழே, ஒரு விரிசல் விழுந்திருக்கிறது. உன் கட்டில் இருக்கும் அறைதான். பயப்படாதே, நூல் அளவுதான். மட்டக்கோல் அந்த விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை இரண்டு பக்கமும் பசை வைத்து ஒட்டிவிட்டுப் போனார். பக்கத்தில் சுவரிலேயே பென்சிலால் தேதி எழுதினார். சுவர் அசைந்தால் விரிசல் அகலும். கண்ணாடிக்கு வளையத் தெரியாது, அதனால் உடைந்துவிடும். உடைந்தால் உடனே சொல்லுங்கள் என்றார்.

அம்மாவின் தொழிலே படங்களுக்குக் கண்ணாடி போட்டுச் சட்டம் அடிப்பதுதானே. அவள் அந்தத் துண்டைப் பார்த்துவிட்டு, இது என்ன கண்ணாடி, ஊதினால் பறந்துவிடும் போலிருக்கிறது என்றாள். மட்டக்கோல் சிரித்தார். அவர் எதற்கெடுத்தாலும் சிரிக்கிறார். இந்த அறையில் யார் படுப்பது என்று கேட்டார். பெரியவள் பிரசவத்துக்கு வரப் போகிறாள், அவளும் குழந்தையும் இங்கேதான் இருப்பார்கள் என்று அம்மா சொன்னாள். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கூரையை வெகுநேரம் பார்த்தார். யார் எங்கே படுக்கிறார்கள் என்று அவருக்கு எதற்கு? நீயே சொல்.

அம்மா உன் அறைக்குப் புது வெள்ளை அடிக்கிறேன் என்கிறாள். கண்ணாடியில் பட்டுவிடும், வேண்டாம் என்று நான் தடுத்து வைத்திருக்கிறேன்.

அத்தானிடம் என் விசாரிப்பைச் சொல்.

சந்தேகக் கண்ணோடு,
உன் தங்கை.


வீட்டிலிருந்து,
பள்ளி விடுமுறை நாள்.

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் போலீஸாகப் போகிறேனா, வாத்தியாராகப் போகிறேனா என்று கேட்டிருக்கிறாய். இரண்டும் இல்லை. இப்போதைக்கு ஒரு உண்மை தெரிந்தால் போதும்.

நம் வரிசையின் கடைசி வீட்டில் பேக்கரிக்காரர் குடும்பம் இருந்ததல்லவா, இப்போது அங்கே யாரும் இல்லை. அவர்கள் வீட்டுச் சுவரில் மட்டக்கோல் ஒட்டியிருந்த கண்ணாடி உடைந்தது. உடைந்ததும் பேக்கரிக்கார அக்கா நேர்மையாக ஓடிப் போய்ச் சொன்னார். காலையில் சொன்னார், சாயங்காலம் வாசலில் பலகை அடித்துப் பூட்டிவிட்டார்கள். அலுவலகத்திலிருந்து வந்தவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்களாம். தற்காலிகம்தான், எல்லாவற்றையும் எடுக்க வேண்டாம், வேண்டியதை மட்டும் எடுங்கள் என்றார்களாம். அவர்கள் இன்னும் ஏதோ ஒரு லாட்ஜில் ஒரே அறையில் இருக்கிறார்கள். பேக்கரிக்கார அக்கா சாமான் எடுக்க வந்தபோது அவரைக் காவலாளி உள்ளே விடவில்லை. நம் வாசலில் வந்து உட்கார்ந்து அழுதார். அம்மா தண்ணீர் கொடுத்தாள். அவர் போன பிறகு பின்னறைக்குப் போய் வெகுநேரம் நின்றாள்.

அந்த வீட்டுக்காக வேலையையும் நிறுத்தினார்கள். பம்பு ஓயாததால் அதன் சத்தத்தையே மறந்திருந்தோம். நின்றதும் தெருவே வெளியே வந்து பார்த்தது. பிறகு திரும்ப ஓட ஆரம்பித்துவிட்டது.

இப்போது என் ஆதாரங்களைக் கேள்.

பம்பு இறைக்கும் தண்ணீர் நம் தெரு முனையில் குழாய் வழியாகக் கரைக்குப் போகிறது. முன்பு தெளிவாக இருந்தது, இப்போது பழுப்பாக வருகிறது. நான் ஒரு பாட்டிலில் பிடித்து ஜன்னலில் வைத்தேன். மறுநாள் அடியில் மணல் படிந்திருந்தது, மாவு மாதிரி மெல்லிய மணல். குழிக்குள் வெறும் தண்ணீர் வந்தால் பரவாயில்லை. மணலும் சேர்ந்து வந்தால் அந்த மணல் எங்கேயோ இருந்துதானே வர வேண்டும்? நம் வீடு எதன் மேல் நிற்கிறது?

குழியைச் சுற்றிய சுவரில், நம் வீட்டுப் பக்கம், இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில், உள்ளே ஈரக் கோடு ஒன்று தெரிந்தது. நான் பார்த்த மறுநாளே அங்கே நீலத் தார்ப்பாய் தொங்கியது. அடியில் மணல் மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். ஒன்றும் இல்லாத இடத்தை யாராவது மூடுவார்களா?

எல்லாவற்றையும் விடப் பெரியதைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். நம் பின்னறைக் கண்ணாடி உடைந்தது. நான் கண்ணால் பார்த்தேன். பள்ளிக்குக் கிளம்பும்போது, உன் மேசையில் அகராதி எடுக்கப் போனேன். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தது. கண்ணாடியின் நடுவில் குறுக்கே ஒரு கோடு, முடி ஒட்டியது போல. நகத்தால் தடவினேன், கோட்டில் நகம் தட்டியது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் வாசலில் நின்றே அம்மாவிடம் சொல்லிவிட்டு ஓடினேன். சரி சரி, நீ போ என்றாள்.

சாயங்காலம் வந்து பார்த்தால் கண்ணாடி முழுசாக இருக்கிறது!

அம்மாவைக் கேட்டேன். நிழல் விழுந்திருக்கும், தூக்கக் கலக்கத்தில் பார்த்திருப்பாய் என்றாள். யாராவது வந்தார்களா என்று கேட்டேன். மத்தியானம் மட்டக்கோல் வந்துவிட்டுப் போனார் என்றாள். கண்ணாடியைப் பார்த்தாரா என்றேன். தண்ணீர் கேட்டார், கொடுத்தேன், நான் முன்பக்கம் கடையில் வேலையாக இருந்தேன், அவர் எங்கே பார்த்தார் என்று எனக்கு என்ன தெரியும் என்றாள். இதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. சட்டத்தில் ஆணி அடித்துக்கொண்டே சொன்னாள்.

அக்கா, எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஒரு வீட்டுக்காக வேலை நின்றது. இனி எந்த வீட்டுக்காகவும் நிற்கக் கூடாது என்று மேலே இருந்து உத்தரவு வந்திருக்கும். அதனால் உடைந்த கண்ணாடியை எடுத்துவிட்டுப் புதிதை ஒட்டுகிறார் அந்த ஆள். தண்ணீர் கேட்பது சும்மா சாக்கு. சிரிக்கிற ஆட்களை நம்பக் கூடாது என்று எனக்கு முதலிலேயே தோன்றியது.

உன் பயணச் சீட்டு எடுத்தாயிற்று என்று அம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கொஞ்சம் பொறு. நான் இதைக் கண்டுபிடித்துவிடுகிறேன்.

உன் தங்கை,
வாய்தா கேட்காத வக்கீல்.


வீட்டிலிருந்து,
திங்கட்கிழமை.

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த முறை கொஞ்சம் பெருமையாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

நான் கண்டதைத் தையல்கார மாமாவிடம் சொன்னேன். அவர் எதிர்ச்சாரியில் இருப்பதால் குழி அவருக்குப் பக்கம் இல்லை, ஆனால் தெருவின் விஷயம் எல்லாம் அவர் கடையில்தான் பேசி முடியும். வாயில் வைத்திருந்த குண்டூசிகளை எடுத்துவிட்டு முழுவதையும் கேட்டார். பாட்டிலையும் காட்டினேன். வெளிச்சத்தில் ஆட்டிப் பார்த்தார். புத்தகம் படிக்கிற பிள்ளை பொய் சொல்லாது என்று அங்கே இருந்தவர்களிடம் சொன்னார்.

மறுநாள் மட்டக்கோல் வந்தபோது தெருவே தயாராக இருந்தது. முதல் வீட்டில் கதவு திறக்கவில்லை. இரண்டாவது வீட்டிலும் திறக்கவில்லை. அவர் அளவுகோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடுத்தெருவில் நின்றார். மாமா கடையிலிருந்தே குரல் கொடுத்தார்: "சார், அளவு எடுக்கணும்னா இங்க வாங்க. நான் எடுக்கிறேன். இடுப்புல ஆரம்பிக்கலாமா?" எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், ஆனால் எப்போதும் சிரிப்பது போல இல்லை. வெளியே நின்று ஏதோ சொல்லிப் பார்த்தார். தினமும் பார்க்க வேண்டிய கண்ணாடிகள், பார்க்காவிட்டால் உங்களுக்குத்தான் ஆபத்து என்றார். ஆபத்தே நீங்கதானே என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள்.

அம்மா எப்படியும் அவருக்காகப் பேசுவாள் என்று நினைத்தேன். அவள்தான் யாரையும் வாசலில் நிற்க வைக்க மாட்டாளே. ஆனால் முதல் ஆளாக வந்து, எங்கள் வீட்டுக்குள் யாரும் வர வேண்டாம், கண்ணாடி நன்றாக இருக்கிறது, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னது அம்மாதான். குரல் நடுங்கியது. கோபத்தில் நடுங்குகிறது என்று நினைத்து நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அதிலிருந்து அவர் எந்த வீட்டுக்குள்ளும் வருவதில்லை. தெருவில் தார் மேல் சின்ன ஆணிகள் அடித்து, தூரத்தில் கருவியை வைத்து எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறார். நம் வீட்டைப் பார்க்கும்போது மட்டும் கொஞ்சம் அதிகநேரம் குனிந்திருக்கிறார். நானும் ஜன்னலிலிருந்து அவரையே பார்க்கிறேன். பார்க்கட்டும்.

மாமா மனு ஒன்று எழுதப் போகிறார். என்னைத்தான் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். கண்ணாடி மாற்றிய குற்றத்துக்காக அந்த ஆளை வேலையை விட்டு நீக்க வேண்டும் என்று கேட்கப் போகிறோம். அதற்கு நல்ல ஆதாரம் வேண்டும். அவர் ஒட்டிய பழைய கண்ணாடி எவ்வளவு கனம், இப்போது இருப்பது எவ்வளவு கனம் என்று அளந்து காட்டினால் போதும். மற்ற வீடுகளில் இருப்பதைப் பார்த்துவிட்டேன், பள்ளிக்கூட ஆய்வகத்தில் நுண்ணோக்கியில் வைக்கிற சிலைடு போலவே இருக்கிறது. நம் வீட்டில் இருப்பதை நாளைக்கு அளக்கப் போகிறேன். அம்மா சட்டத்துக்கு மரம் வாங்கப் போகிற நேரம்தான் வசதி. பகலில் உன் அறையில் அவளும் ஏதாவது வேலையாக இருக்கிறாள். இரும்பு அலமாரியை நகர்த்தி ஜன்னல் பக்கம் வைத்திருக்கிறாள். வெயில் உன் முகத்தில் அடிக்குமாம். அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் கை போகிற அளவுதான் இடம்.

அளந்ததும் எழுதுகிறேன்.

உன் தங்கை.


வீட்டிலிருந்து,
தேதி போட மனம் வரவில்லை.

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை நீ தனியாக இருக்கும்போது படி. உட்கார்ந்து படி. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் சொன்னபடியே அளக்கப் போனேன். அலமாரிக்குப் பின்னால் கையை விட்டுக் கண்ணாடியைத் தேடினேன். கண்ணுக்கு எட்டாததால் விரலால்தான் விளிம்பைத் தொட வேண்டியிருந்தது. மெதுவாகத் தொட்டேன். ஆய்வகத்தில் ஒருமுறை சிலைடு என் விரலைக் கிழித்திருக்கிறது, அந்தப் பயம். ஆனால் இது கிழிக்கவில்லை. இன்னொரு முறை, கொஞ்சம் அழுத்தித் தடவினேன். அப்போதும் கிழிக்கவில்லை. சோப்புக் கட்டியின் ஓரம் மாதிரி வழவழவென்று இருந்தது.

அக்கா, கண்ணாடியின் விளிம்பைத் தேய்த்து மழுக்குகிற ஆள் இந்த ஊரில் எத்தனை பேர் இருப்பார்கள்? சட்டம் போடுகிற மற்ற யாரும் அதைச் செய்வதில்லை. விளிம்பு சட்டத்துக்குள் போய்விடும், யார் பார்க்கப் போகிறார்கள் என்பார்கள். என்றைக்காவது சட்டம் கழன்றால் துடைக்கிறவர் கையைக் கிழிக்குமே என்று சொல்லி, கல்லைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு உட்கார்ந்து தேய்ப்பது ஒருத்திதான்.

நான் அலமாரிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவசரமாக, நான் பள்ளியிலிருந்து வருவதற்குள் ஒளித்து ஒட்ட வேண்டிய துண்டைக்கூட அவளால் தேய்க்காமல் ஒட்ட முடியவில்லை. அந்த அறையில் ஒரு குழந்தை இருக்கப் போகிறது என்று நினைத்திருப்பாள்.

அன்று மாலை நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அவள் முகம் எப்படி மாறும் என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. சுற்றி வளைத்து, அக்கா அங்கேயே பிரசவம் பார்த்துக்கொண்டால் என்ன, அங்கேயும் நல்ல மருத்துவமனை இருக்கிறதே என்று மட்டும் சொன்னேன். அம்மா கையிலிருந்த கல்லைக் கீழே வைத்தாள். அத்தான் கப்பலில் போய்விடுவார், அந்த வாடகை அறையில் அவள் ஒண்டியாகக் கிடக்க வேண்டுமா என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"அவ வந்து இறங்குறப்போ அவளுக்குன்னு ஒரு வீடு இருக்கணும். பலகை அடிச்ச கதவைப் பார்த்துட்டு அவ நிக்கக் கூடாது. எனக்கு அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு என் விரலைப் பார்த்தாள். எதற்குப் பார்த்தாள் என்று தெரியவில்லை. மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள்.

நான் மனு எழுதவில்லை. மாமாவிடம் போய், நான் பார்த்தது தப்பு, மட்டக்கோல் மாற்றவில்லை என்றேன். அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். நேற்று வரைக்கும் போலீஸ், இன்றைக்கு அந்த ஆளுக்கே வக்கீலா, நீ எந்தப் பக்கம் அம்மா என்று கேட்டார். அப்போ யார்தான் மாற்றியது என்றார். யாரும் மாற்றவில்லை, நிழல் விழுந்திருக்கும் என்றேன். அம்மா சொன்ன அதே வார்த்தை என் வாயிலிருந்து வந்தபோது எனக்கே ஒரு மாதிரி இருந்தது. கதவைத் திறந்து விடுங்கள், அவர் பார்க்கட்டும் என்று கெஞ்சினேன். மறுநாள் அவரே முதல் வீட்டுக் கதவைத் தட்டித் திறக்கச் சொன்னார் என்று கேள்விப்பட்டேன்.

அதற்கு முன்பே இன்னொன்று செய்திருந்தேன். அறிவியல் டீச்சரிடம் கேட்டு ஒரு சிலைடு வாங்கி வந்தேன். விரிசல் உன் கட்டிலுக்குப் பின்னாலும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. அங்கே குனிந்து, அம்மா பெருக்கும்போதுகூடக் கண்ணில் படாத இடத்தில், அதை ஒட்டினேன். உடையக் கூடாது, உடையக் கூடாது என்று தினமும் போய்ப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை அது இரண்டாகக் கிடந்தது.

அந்தத் துண்டுகளைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு, பள்ளி விட்டதும் குழியின் வாசலுக்குப் போனேன். மட்டக்கோல் வெளியே வந்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். உங்கள் தெருவில் வாய் பேசாத ஒரே ஆள் உங்கள் வீட்டு ஜன்னல்தான், அதுதான் அதிகமாகப் பேசுகிறது என்றார். எனக்கு முதலில் புரியவில்லை; நம் ஜன்னல் சட்டம் சாய்ந்திருப்பதைக் கருவியில் பார்த்துத்தான் அப்படிச் சொன்னார். தெருவில் அடித்த ஆணிகளை வைத்து அளந்ததில் நம் வரிசையின் பின்பக்கம் மெல்ல இறங்குகிறது என்று அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. இத்தனை நாள் உள்ளே பார்க்க முடியாததால் எந்த வீடு எவ்வளவு என்றுதான் தெரியவில்லை. தார்ப்பாய்க்குப் பின்னால் என்ன என்று கேட்டேன். மறைக்காமல் சொன்னார். இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் கசிவு, அதன் வழியாக மணல் வருகிறது. வெளிப்பக்கத்திலிருந்து சிமெண்டுக் குழம்பை அழுத்தி அடைக்கிறார்கள். அடைத்து, குழியின் அடியில் கான்கிரீட் தளம் போட்டு முடிக்கிற வரைக்கும் நம் வரிசை இறங்கிக்கொண்டுதான் இருக்கும். நாளைக்கே விழுந்துவிடாது, ஆனால் அந்தப் பின்னறையில் இனி ஒருவரும் படுக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்.

மாதக் கடைசியில் அரசாங்க அதிகாரியோடு எல்லா வீட்டுக்கும் வருவாராம். அன்றைக்குச் சுவரில் இருப்பதை உள்ளபடி சொல்லியாக வேண்டும். சொன்னால் என்ன ஆகும் என்று கேட்டேன். கடைசி வீட்டுக்கு ஆனதுதான் என்றார். சுவரில் அவர் ஒட்டாத கண்ணாடி ஏதாவது இருந்தால் அது குற்றமா என்றும் கேட்டேன். யார் என்று நான் சொல்லவில்லை அக்கா, சத்தியமாகச் சொல்லவில்லை. அவர் என் அம்மா என்ன தொழில் செய்கிறாள் என்று கேட்டார். சொன்னேன்.

"நான் வர்றப்போ என் கண்ணாடிய நானே புதுசா ஒட்டிக்கிறேன்" என்றார். "அதுக்கு முன்னாடி அங்க என்ன இருந்துச்சுன்னு நான் பார்க்கல. ஆனா வீட்டை நான் பார்க்காம இருக்க முடியாதும்மா."

கெட்ட கனவு வருகிறது என்று சொல்லி அம்மாவை முன்னறையில் என்னோடு படுக்க வைத்திருக்கிறேன். இவ்வளவு பெரிய பெண்ணுக்கு என்ன பயம் என்று சிரிக்கிறாள், ஆனால் என் தலையில் கையை வைத்துக்கொண்டுதான் தூங்குகிறாள். அவள் இன்னும் உன் அறையைத் துடைக்கிறாள். தொட்டில் கட்ட உத்தரத்தில் கொக்கி மாட்டி, தன் முழுப் பாரத்தோடு தொங்கிப் பார்த்துவிட்டு, பார், வீடு எவ்வளவு உறுதி என்று என்னிடம் காட்டினாள். நான் ஆமாம் என்றேன்.

அதனால் அக்கா, நீ வராதே.

நீ வரவில்லை என்று மட்டும் சொன்னால் போதாது. அவள் காரணம் கேட்பாள், காரணம் தெரிந்தால் உடைந்துபோவாள். நீ இப்படி எழுது. டாக்டர் உன்னைப் பயணம் செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டார். அத்தான் கிளம்பிவிட்டார். இரவில் தனியாகப் படுக்கப் பயமாக இருக்கிறது. அம்மா நீ உடனே வந்து என்னோடு இரு. போனில் சொன்னால் அழுதுகொண்டே சொல், ஸ்பீக்கரில் நானும் கேட்பேன், நானும் அழுவேன். டாக்டர் அப்படிச் சொல்லாவிட்டாலும் சொன்னதாக எழுது. உனக்குப் பயமே இல்லாவிட்டாலும் இருக்கிறது என்று எழுது. கடையை எப்படி மூடுவது என்பாள், தயங்குவாள், மறுபடியும் கேள். நீ கேட்டு அவள் மறுத்ததே இல்லை.

என் பரீட்சை அதற்குள் முடிந்துவிடும், நானும் கூட வருவேன். படங்களையும் கருவிகளையும் மாமா கடையில் வைக்கக் கேட்டுவிட்டேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. துணிகளை ஒதுக்கி இடம் செய்துகொண்டிருக்கிறார்.

மாதக் கடைசிக்குள் எழுது அக்கா. இந்த வாசலை அவளே தன் கையால் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, பெட்டியோடு படி இறங்கட்டும். பின்னால் என்ன நடந்தாலும், மகள் கூப்பிட்டதால்தான் கிளம்பிப் போனேன் என்று அவள் சொல்லிக்கொள்ளட்டும்.

நீயும் குழந்தையும் பத்திரமாக இருங்கள்.

உன்னையே நம்பி இருக்கும்,
தங்கை.